வாய்விட்டுப் படிக்க ஒரு புத்தகம்: 24 பக்கப் படக்கதை செய்த அனுபவம்

சென்ற மாதம் என் முதல் சிறுவர் புத்தகம் அச்சாகி வந்தது. பெயர் "மரத்துக்குள் அம்மா". 24 பக்கம், ஏறக்குறைய 200 சொற்கள், 300 பிரதிகள். கதை நான் எழுதியது, படம் வரைந்தவள் என் நாத்தனார். பதிப்பகம் எதுவும் இல்லை, நாங்களே பதிப்பித்தோம். "எங்களுக்கும் ஒன்று செய்ய ஆசை, எங்கே தொடங்குவது?" என்று தெரிந்தவர்கள் பலர் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிடச் செய்த வேலையை எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஐந்து வயதுப் பிள்ளைக்கான படக்கதையைப் பிள்ளை படிப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெரியவர் படித்துக்காட்டுகிறார். சிங்கப்பூரில் அந்தப் பெரியவர் யார்? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. பத்து ஆண்டுக்கு முன்பு அது 3 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. இன்றைய இளம் பெற்றோரில் பலர் உயர்நிலைப் பள்ளிவரை தமிழ் படித்தவர்கள், பேசினால் நன்றாகவே பேசுவார்கள். ஆனால் கடைசித் தேர்வுக்குப் பிறகு ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வாய்விட்டுப் படித்திருக்க மாட்டார்கள். வேலை முடிந்து, சாப்பாடு முடிந்து, இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளையைத் தூங்கவைக்கும்போதுதான் அவர் கைக்கு என் புத்தகம் வரும். ஒரே பக்கத்தில் இரண்டு இடத்தில் நாக்கு தடுக்கினால் மறுநாள் ஆங்கிலப் புத்தகத்தைத்தான் எடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. குறை அந்தப் பக்கத்தைச் செய்தவர்களுடையது.

ஆகவே கதை, வரி, எழுத்துரு, தாள் என்று எது வந்தாலும் நாங்கள் கேட்டுக்கொண்டது ஒரே கேள்வி: படித்துக்காட்டுபவருக்கு இது உதவுமா, தடையாகுமா?

கதை

பாசிர் ரிஸ் பக்கம் இருப்பவர்களுக்கு இருவாச்சி (ஆங்கிலத்தில் ஹார்ன்பில்) பழக்கமான பறவை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சிங்கப்பூரைவிட்டே மறைந்துபோனது, 1994இல் புலாவ் உபின் தீவில் மறுபடி கண்ணில் பட்டது. பிறகு மரங்களில் செயற்கைக் கூட்டுப்பெட்டிகள் பொருத்தி ஆதரவு கொடுத்ததில் இனம் பெருகி, இன்று அடுக்குமாடி வீடுகளின் புளோக்குக்கு புளோக் "கக் கக் கக்" என்று கத்திக்கொண்டு பறக்கிறது. தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்து பூந்தொட்டியை நோட்டம்விடுவதும் உண்டு.

அது கூடு கட்டும் விதம்தான் என்னை எழுதவைத்தது. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பொரித்து வளரும்வரை ஆண் பறவைதான் அத்திப்பழம், பூச்சி, பல்லி என்று கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டும்.

பிள்ளை பெற்ற வீட்டில் நடப்பதும் இதுதானே. அம்மா அறைக்குள், பத்தியச் சாப்பாடு கதவு வழியாக உள்ளே போகும், மூத்த பிள்ளை வெளியே நின்று எட்டிப் பார்க்கும். இரண்டையும் சேர்த்தவுடன் கதை வந்துவிட்டது. தம்பி பிறந்திருக்கிற வீட்டில் ஒரு சிறுமி, ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம், மரத்தில் அடைத்த பொந்து. "அம்மா எப்ப வெளிய வருவாங்க?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கேட்பது எந்த அம்மாவைப் பற்றி என்று பக்கத்துக்குப் பக்கம் மாறும். திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி இருந்தால் மூன்றாம் பக்கத்திலேயே பிள்ளை சேர்ந்து சொல்லத் தொடங்கிவிடும். படிப்பவருக்கும் அந்த வரியில் ஒரு மூச்சு கிடைக்கும்.

வரிகள்

அதிக நாள் எடுத்தது இந்த வேலைதான். 200 சொல்தானே என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

முதல் வரைவில் ஒரு வாக்கியம் இப்படி இருந்தது: "அலகினால் கவ்விக்கொண்டுவந்திருந்த அத்திப்பழத்தைத் துளையினுள்ளே நீட்டிக்கொண்டிருந்தது அப்பா இருவாச்சி." இலக்கணம் சரி. மனத்துக்குள் படித்தால் ஓடிவிடும். வாய்விட்டுப் படித்தால் "கவ்விக்கொண்டுவந்திருந்த" என்ற இடத்தில் பாதி பேர் நின்றுவிடுகிறார்கள். புத்தகத்தில் இப்போது இருப்பது:

அப்பா இருவாச்சி வந்தது.
அலகில் ஓர் அத்திப்பழம்.
துளைக்குள் நீட்டியது.
லபக்!

நான்கு வரி, நான்கு மூச்சு. "லபக்" வரும்போது படிப்பவர் தானாகவே கையை வைத்து ஏதாவது செய்கிறார். எழுதியவர் சொல்லிக்கொடுக்காமலே நடிப்பு வந்துவிடுகிறது. ஒலிக்குறிப்புச் சொற்கள் தமிழில் கொட்டிக்கிடக்கின்றன. படபட, சலசல, டொக் டொக், மொறுமொறு என்று ஒரு பக்கத்துக்கு ஒன்று இருந்தால் போதும், அதிகமானால் சத்தம்தான் மிஞ்சும்.

சோதித்த முறையைச் சொல்கிறேன், இதுதான் எங்களுக்கு மிகவும் கைகொடுத்தது. படமில்லாமல் வெறும் வரிகளை ஒரு தாளில் அச்சிட்டு, தெரிந்த பெற்றோரிடம் கொடுத்து அவர்கள் பிள்ளைக்குப் படித்துக்காட்டச் சொன்னேன். நான் பின்னால் உட்கார்ந்து, அதே தாளின் இன்னொரு பிரதியில், அவர்கள் குரல் எங்கே மெதுவாகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டேன். கருத்து கேட்கவில்லை. கேட்டால் எல்லாரும் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள், அன்பினால். மூன்று பேர் தாளில் ஒரே இடத்தில் கோடு விழுந்தால் அந்த இடத்தை மாற்றினேன், எனக்கு எவ்வளவு பிடித்த வரியாக இருந்தாலும்.

அப்படித்தான் சிறுமியின் பெயர் யாழினியிலிருந்து மீனா ஆனது. பெயர் பக்கத்துக்குப் பக்கம் வரும், ஒவ்வொரு முறையும் ழகரத்தில் தயங்கினால் கதையின் ஓட்டம் போய்விடும். அதற்காக ழகரத்தையே ஒதுக்கவில்லை. பழம் இருக்கிறது, மழை இருக்கிறது, பிள்ளைகள் அதை ஆசையாகச் சொல்கிறார்கள். எதிர்பாராத இன்னொன்று: "இருவாச்சி" என்ற சொல்லையே தூக்கிவிட நினைத்திருந்தேன், பலருக்குத் தெரியாத பெயர் என்று. முதல் தடவை எல்லாரும் எழுத்துக்கூட்டித்தான் படித்தார்கள். இரண்டாம் பக்கத்தில் அது பழகிவிட்டது, பிள்ளைகள் அதைப் பாட்டாகவே பாடினார்கள். ஆக, புதிய சொல் தடையில்லை, நீளமான வினைச்சொல்தான் தடை. இதை அந்தப் பென்சில் கோடுகள் தெளிவாகக் காட்டின.

பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா என்ற விவாதம் எங்கள் வீட்டிலும் நடந்தது. பக்கத்து புளோக்கில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். கையெழுத்துப்படியை அவரிடம் கொண்டுபோனேன். கதை சொல்லும் வரிகள் எழுத்துத் தமிழிலும் பாத்திரங்கள் பேசுவது பேச்சுத் தமிழிலும் இருக்கட்டும் என்றார். வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 2005இல் பாடத்திட்ட மறுஆய்வு பரிந்துரைத்த பிறகு ஆசிரியர்களுக்கு இது பழகிய வழிதான் என்பது அவர் சொன்னது. ஒரு நிபந்தனையும் வைத்தார்: "பேச்சுத் தமிழை எழுதும்போது ஒரே மாதிரி எழுதணும்மா. ஒரு பக்கத்துல எப்போ, இன்னொரு பக்கத்துல எப்பன்னு மாத்தக் கூடாது. பிள்ளை எழுத்தைத்தான் பார்க்குது." நியாயம். எப்ப, எங்க, வெளிய, வருவாங்க என்று ஒரு சிறு பட்டியல் போட்டு ஒட்டிவைத்துக்கொண்டோம்.

பறவைக்கு "வருவாங்க" சரியா என்றும் அவரிடம் கேட்டேன். கதை சொல்லும் வரியில் இருவாச்சி "வந்தது", மீனாவின் வாயில் அம்மாப் பறவை "வருவாங்க". சற்று யோசித்துவிட்டு, பிள்ளை அப்படித்தான் சொல்லும், விடுங்கள் என்றார். புத்தகத்தின் முடிச்சே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்பதால் எனக்குப் பெரிய நிம்மதி.

புணர்ச்சி விஷயத்தில் நாங்கள் பின்பற்றியது: ஒற்று மிகும் இடத்தில் விடவில்லை, "அந்தப் பறவை" என்றுதான் போட்டோம். ஆனால் சேர்த்து எழுதியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத இடத்தில் பிரித்தோம். "அங்கேயொரு" வேண்டாம், "அங்கே ஒரு" போதும். வேற்றுமை உருபைப் பிரிப்பதில்லை. "மரத்திலிருந்து" நீளமாக இருக்கிறது என்று அதை உடைக்காமல், அந்தச் சொல் வராதபடி வாக்கியத்தையே மாற்றினோம்.

பக்கம் பிரித்தல்

நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 24 என்று வைத்துக்கொண்டால் முதல் பக்கம் தலைப்பு, 2–3 முதல் 22–23 வரை பதினோரு இரட்டைப்பக்கக் காட்சி, கடைசிப் பக்கத்தில் பதிப்பு விவரம். பெரிய பதிப்பகங்கள் 32 பக்கம் செய்வது வழக்கம், பெரிய தாளை மடித்து வெட்டும் கணக்குக்கு அது பொருந்தும். எங்கள் கதைக்கு 24 போதுமாக இருந்தது.

டம்மி, அதாவது கையால் செய்த மாதிரிப் புத்தகம், செய்யாமல் யாரும் படம் வரையத் தொடங்க வேண்டாம். ஆறு ஏ4 தாளை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 24 பக்கம் கிடைத்துவிடும். அதில் பென்சிலால் குச்சி மனிதர்களைப் போட்டு, வரிகளை வெட்டி ஒட்டி, கையில் பிடித்துப் புரட்ட வேண்டும். திரையில் தெரியாத விஷயம் புரட்டும்போது தெரியும். கேள்வி வலப்பக்கத்தின் அடியில் இருக்க வேண்டும், விடை புரட்டிய பிறகு வர வேண்டும். எங்கள் முதல் டம்மியில் "அம்மா எப்ப வெளிய வருவாங்க?" இடப்பக்கத்தில் விழுந்தது. பிள்ளையின் கண் அதற்குள் வலப்பக்கப் படத்துக்குப் போய் விடையைப் பார்த்துவிடும். காட்சிகளின் வரிசையை மாற்றி, எல்லாக் கேள்வியையும் வலப்பக்கத்துக்கு நகர்த்தினோம். பக்கம் புரட்டும் அந்த ஒரு விநாடிதான் படக்கதைக்கே உள்ள சொத்து.

அளவு பற்றியும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். சதுரப் புத்தகம் அழகாக இருக்கும் என்று நாத்தனாருக்கு ஆசை. டிஜிட்டல் அச்சில் பரவலாகப் பயன்படும் தாள் 450 × 320 மி.மீ. 210 மி.மீ. சதுரம் என்றால் விரித்த பக்கம் 420 × 210, ஒரு தாளில் ஒன்றுதான் அடங்கும், மேலே பத்து செ.மீ. வீணாகும். அதே தாளில் 210 × 280 மி.மீ. நெடுக்குப் புத்தகமும் அடங்குகிறது. எங்கள் கதையோ ஓர் உயரமான மரத்தைப் பற்றியது. "அப்ப நெடுக்காவே போயிரலாம் அண்ணி, மரத்துக்கு இடம் கிடைக்கும்" என்று அவளே சொல்லிவிட்டாள். ஓரங்களில் வெட்டுவதற்காக 3 மி.மீ. சேர்த்தால் விரித்த படம் 426 × 286. 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்று கணக்கிட்டால் சுமார் 5,030 × 3,380 புள்ளிகள். ஐபேடில் புரோகிரியேட் செயலியை வைத்து வரைபவர்கள் இந்த அளவில்தான் தொடங்க வேண்டும். சின்னதாக வரைந்து பிறகு பெரிதாக்கினால் அச்சில் மங்கும். கேன்வாஸ் பெரிதாக ஆக லேயர்களின் எண்ணிக்கை குறையும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

படம்

இணையத்தில் இருவாச்சி என்று தேடினால் முதலில் வருவது மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய இருவாச்சி. கழுத்தில் மஞ்சள், தலையில் பெரிய கொண்டை. முதல் ஓவியத்தில் அதுதான் வந்திருந்தது, பார்க்கப் பிரமாதமாக இருந்தது. ஆனால் நம் ஊர்ப் பறவை வேறு. உருவம் சின்னது, உடம்பு கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டு, கழுத்தில் மஞ்சள் கிடையாது. பிள்ளை மறுநாள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கப்போவது இதைத்தான், புத்தகத்திலும் இதுவே இருக்க வேண்டும். ஆண் பறவையின் அலகுக் கொண்டை பெரிது, பெண்ணுடையது சிறிது, கறுப்புத் திட்டும் கூடுதல். இந்த வேறுபாட்டை வைத்தே அப்பாவையும் அம்மாவையும் பிள்ளைகள் அடையாளம் காண்கிறார்கள். சட்டை, பொட்டு என்று எதுவும் போட்டுவிடத் தேவைப்படவில்லை. பறவையைப் பறவையாகவே வரைந்தாள், அதில் எனக்குப் பெருமை உண்டு.

வீட்டை வரைவதிலும் அதே அக்கறை. வெளியே துணி காயப்போடும் மூங்கில் கழி, தாழ்வாரத்தில் செருப்பு அடுக்கு, வாசலில் மாவிலைத் தோரணம், பக்கத்து வீட்டுக் கதவில் சிவப்புத் தாள் அலங்காரம். பிள்ளைகள் ஒவ்வொன்றாக விரலை வைத்துக் காட்டுகிறார்கள்.

ஒவ்வொரு காட்சியிலும் வரிகளுக்கான இடத்தை ஓவியத்தின் தொடக்கத்திலேயே ஒதுக்கச் சொல்லுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம், எழுத்தும் அகலம். வரைந்து முடித்த பிறகு இடம் தேடினால் இலைகளுக்கு மேல் எழுத்து ஏறும், புள்ளி எது இலை நரம்பு எது என்று தெரியாது. நாங்கள் மூன்றில் ஒரு பங்கு வானத்தை வெறுமையாக விட்டோம்.

குடும்பத்துக்குள் என்றாலும் ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம். சிங்கப்பூரில் பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை, படைத்தவுடன் உரிமை வந்துவிடும். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டப்படி, படைத்தவரின் பெயரைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். படத்தின் உரிமை அவளுடையது, இந்தப் புத்தகத்தில் பயன்படுத்தும் உரிமை எனக்கு, வருமானத்தில் சரிபாதி. ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. அட்டையில் இருவர் பெயரும் ஒரே அளவில்.

எழுத்துரு

எழுத்து கற்கும் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறது என்பதை வைத்து எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பல எழுத்துருக்களில் "ர"வும் துணைக்காலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். பழகிய கண் இடம் பார்த்துப் புரிந்துகொள்ளும். விட்டுப்போய்ப் பல ஆண்டுகளுக்குப் பிறகு படிப்பவர் "மரம்", "மாரி", "தாரா" போன்ற இடங்களில் ஒரு கணம் நிற்பார். "ர"வின் அடியில் சாய்ந்த கால் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, புள்ளி. மெல்லிய எழுத்துருவில் புள்ளி ஊசிமுனை மாதிரி இருக்கும், விளக்கு வெளிச்சம் குறைவாக இருந்தால் காணாமலே போகும். ண, ன இரண்டின் சுழிகளும் அடைத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

கூகுளின் திறந்த உரிம எழுத்துருக்களில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூன்றையும் ஒரே பக்கத்தில் உண்மையான அளவில் அச்சிட்டு, கைநீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தோம். அச்சுக்குக் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம். தலைப்புக்குப் பாலூ தம்பி. உள்ளே எழுத்து 20 புள்ளி (பாயிண்ட்) அளவு, வரிக்கு வரி 32 புள்ளி. தமிழுக்கு மேலே கி, கீ, புள்ளி, கீழே கு, கூ, ளு என்று இரண்டு பக்கமும் வளைவு ஓடும். ஆங்கிலப் புத்தகத்தின் இடைவெளியை அப்படியே எடுத்தால் ஒரு வரியின் வாலும் அடுத்த வரியின் கொம்பும் முட்டிக்கொள்ளும்.

இப்போது எந்தக் கணினியிலும் தமிழ் தெரிகிறது என்பதால் நமக்கு இதெல்லாம் சாதாரணமாகிவிட்டது. 1990களில் தமிழை இணையத்தில் ஏற்றுவதற்கு உழைத்தவர்களில் முன்னோடி நம் ஊர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. ஆப்பிளின் மேக் கணினியில் உள்ள இணைமதி எழுத்துருவைச் செய்தவர் மலேசியாவின் முத்து நெடுமாறன். சிறுவர் புத்தகத்துக்கு எழுத்துரு தேடிக்கொண்டிருந்தபோது இவர்களை அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

பக்க வடிவமைப்புக்கு இன்டிசைன் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற தெரிவைத் தேர்வு செய்யாவிட்டால் கொம்புகள் இடம் மாறிவிடும். கட்டணமில்லாத ஸ்கிரைபஸ் மென்பொருளின் 1.6 பதிப்பிலும் தமிழ் சரியாக வருகிறது. எதைப் பயன்படுத்தினாலும், சொல்லை வரி முடிவில் உடைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். வரியை இருபுறமும் சமமாக இழுக்கவும் வேண்டாம். எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே வரியை முடியுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதித் தடுக்கல் குறைகிறது, சோதனையில் பார்த்தோம்.

மெய்ப்பு பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியையும் தேட வேண்டும். "ஔ" என்ற ஓர் எழுத்துக்குப் பதிலாக "ஒ", "ள" என்று இரண்டைத் தட்டியிருப்பார்கள். துணைக்காலுக்குப் பதிலாக "ர" இருக்கும். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், எழுத்துருவை மாற்றியவுடன் வெளியே வரும்.

அச்சகம்

300 பிரதிக்கு டிஜிட்டல் அச்சுதான் கட்டுப்படியாகும். ஆஃப்செட் அச்சில், சேர்ந்து அச்சாகும் ஒவ்வொரு பக்கத் தொகுதிக்கும் வண்ணத்துக்கு ஒன்றாக நான்கு தகடு போட வேண்டும், அந்தச் செலவு ஆயிரக்கணக்கில் அடிக்கும்போதுதான் பிரதிக்குப் பிரதி கரையும். உள்ளே 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) பளபளப்பில்லாத மேட் ஆர்ட் பேப்பர், அட்டை 300 ஜிஎஸ்எம், மேட் லேமினேஷன், முனைகளை வட்டமாக வெட்டினோம். பளபள தாள் வண்ணத்தை எடுத்துக்காட்டும். ஆனால் படுக்கை விளக்கின் வெளிச்சம் தாளில் பட்டுக் கண்ணில் அடிக்கும், படிப்பவர் புத்தகத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். அதனால்தான் மேட்.

தாளின் இழை முதுகுக்கு இணையாக ஓட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குறுக்காக ஓடினால் மடிப்பில் வெடிக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் புத்தகம் சீக்கிரமே அலை அலையாகவும் எழும்பிவிடும்.

எழுத்து 100 விழுக்காடு கறுப்பு மை மட்டும். நான்கு வண்ணமும் கலந்த கறுப்பாக இருந்தால், தகடோ உருளையோ இம்மி விலகினாலும் "ழ"வின் சுழியும் புள்ளியும் கலங்கிவிடும்.

அச்சகத்திலிருந்து முதல் புரூஃப் (சரிபார்க்கும் மாதிரி அச்சு) வந்தபோது இரண்டு பக்கத்தில் தமிழ் சிதறிக்கிடந்தது. "கொத்தியது" என்பதில் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம், நடுவில் புள்ளி வட்டம். நாங்கள் அனுப்பிய பிடிஎஃப் சரியாகவே இருந்தது. வெட்டுக்கோட்டை நகர்த்துவதற்காக அச்சகத்தில் அந்தக் கோப்பை வேறொரு மென்பொருளில் திறந்து சேமித்திருக்கிறார்கள், அது எழுத்தை மறுபடி கோத்துவிட்டது. அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை, யாருக்கும் தவறு கண்ணில் படவில்லை. சிங்கப்பூரில் தமிழில் அச்சிடும் எவருக்கும் இது நடக்கலாம். அப்புறம் இரண்டு காரியம் செய்தோம். கடைசிக் கோப்பில் எழுத்துகளையெல்லாம் வடிவக்கோடாக மாற்றி அனுப்பினோம், எந்த மென்பொருளில் திறந்தாலும் அசையாது. ஒவ்வொரு பக்கத்தின் படத்தையும் சிறியதாக அச்சிட்டு, "இதைப் போலவே இருக்க வேண்டும்" என்று எழுதி உடன் கொடுத்தோம். இயந்திரத்தில் நின்ற ஊழியர் பக்கத்துக்குப் பக்கம் அதை ஒப்பிட்டுப் பார்த்தார். படிக்கத் தெரியாத எழுத்தை அவ்வளவு பொறுமையாகச் சரிபார்த்த அவருக்கு ஒரு பிரதி கையெழுத்திட்டுக் கொடுத்தோம்.

வண்ணத்தைப் பொறுத்தவரை, திரையில் ஒளிரும் பச்சையும் நீலப்பச்சையும் அச்சில் அடங்கிப்போகும். மரக்கதை என்பதால் எங்களுக்கு எல்லாப் பக்கமும் பச்சை. ஓரிரு பக்கத்தை அச்சிட்டுப் பார்த்து, அதற்கேற்பத் திரையில் கூட்டிக்கொண்டோம்.

எண்ணும் பதிவும்

புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலக வாரியத்திடம் இணையம்வழி விண்ணப்பித்துப் பெறலாம், தனிநபரும் பெறலாம். 978-981 என்று தொடங்கும். பட்டைக்கோடு பின்னட்டையில் வரும் என்பதால் அட்டைப் படத்தை முடிப்பதற்கு முன்பே எண் கையில் இருக்க வேண்டும். புத்தகம் வெளியான நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதியை வாரியத்திடம் ஒப்படைப்பது சட்டப்படி கட்டாயம். கட்டாயம் என்றாலும் அதை நான் சந்தோஷமாகச் செய்தேன். நம் பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதிய ஒரு கதை இந்த நாட்டின் நூல் சேகரிப்பில் நிலையாக இருக்கும்.

கைக்கு வந்த பிறகு

புளோக்கின் கீழ்த்தளத்தில் பாய் விரித்து முதல் வாசிப்பை வைத்தோம். படித்தது நான் இல்லை. படிக்க விருப்பமுள்ள பெற்றோர் ஒருவர் மாற்றி ஒருவர் படித்தார்கள். தமிழ்ப் புத்தகத்தைப் பிள்ளைக்கு இதுவரை படித்துக்காட்டியதே இல்லை என்று சொன்ன ஓர் அப்பா, இரண்டாம் முறை தானே கேட்டு வாங்கிப் படித்தார். "லபக்" வரும்போது அவர் போட்ட சத்தத்தில் லிப்டுக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்காகத்தான் நீளமான வினைகளையெல்லாம் வெட்டினோம் என்று அவரிடம் சொல்லவில்லை.

விற்பனை பற்றிச் சொல்ல அதிகமில்லை. தேக்கா பக்கம் கடைகளில் கொஞ்சம், பாலர் பள்ளி ஆசிரியைகள் வழியாகக் கொஞ்சம், மீதி தெரிந்தவர்கள் மூலம். ஏப்ரலில் வரும் தமிழ் மொழி விழாவின்போது எங்காவது ஒரு வாசிப்பு அங்கம் நடத்த இடம் கேட்டிருக்கிறோம்.

இரண்டாம் அச்சுக்குச் சில மாற்றங்கள் குறித்துவைத்திருக்கிறேன். எழுத்து 22 புள்ளி ஆகிறது, தாத்தா பாட்டிகள் அப்படிக் கேட்டார்கள். 14ஆம் பக்கத்தில் மழை வரிகள் இன்னும் சற்று நீளம், பென்சிலை எடுத்து மறுபடி உட்கார வேண்டும். பின் உள்ளட்டையில் இருவாச்சி பற்றிய குறிப்பைப் பெரியவர்களுக்காக எழுதியிருந்தேன், பிள்ளைகள் அதையும் படிக்கச் சொல்கிறார்களாம், ஆகவே அதையும் நான்கு வரியில் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன். நாத்தனார் இப்போதே அடுத்த கதைக்கு நீர்நாய் வரைந்து பார்க்கிறாள்.